பூட்டிக் கிடந்த மஞ்சள் பெட்டி

இரத்தோட்டையிலிருந்து மேலே ஏறும் பஸ் திரும்பி நிற்கிற இடத்துக்கும் அப்பால், குருவிமலைத் தேயிலைத் தோட்டத்தில், சுதர்சினியைக் கோபக்காரி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்காம்பராவில் அவளுக்கு வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. குழந்தைகளிடம் ஒருநாளும் அவள் அதட்டிப் பேசியதில்லை. பெரியவர்களிடம்தான் அவளுக்குப் பொறுமை கிடையாது.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்கா ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சில வருஷங்களுக்கு முன் ஒரு மழையில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு சரிந்து அக்காவையும் அவள் புருஷனையும் மூடிவிட்டது. மண் சரிவதற்கு முதல் நாள் மலையூற்றிலிருந்து குழாய் வழியே விழும் பீலித் தண்ணீர் கலங்கி வந்திருக்கிறது. பிறகு மழை கொட்டும்போதே பீலி வற்றியிருக்கிறது. வீட்டறையான காம்பராவின் கதவு சட்டத்தில் சிக்கி மூட முடியாமல் போயிருக்கிறது. எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏதோ தண்ணிக் குழாய் அடைத்துக்கொண்டதாக நினைத்துப் படுத்துவிட்டார்கள்.

சாவு வீட்டில் சுதர்சினி அழவில்லை. "இது எங்களுக்கு ஏன் யாருமே சொல்லித் தரல?" என்று வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள்.

அதனால்தான் மாத்தளையில் வெள்ளம், மண்சரிவு பற்றிய அனர்த்தப் பயிற்சி நடக்கிறது, தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றபோது அவளே முன்வந்து போனாள். மண் சரியும்போது கீழ்நோக்கி ஓடக்கூடாது, பக்கவாட்டில் போய் உறுதியான முதுகுமேட்டில் ஏற வேண்டும். ஓடைக்கரையை நாடவே கூடாது. இரண்டு கம்புகளைச் சாக்குகளுக்குள் நுழைத்தால் ஆளைத் தூக்கும் கட்டில் ஆகும். இதெல்லாம் அங்கேதான் படித்தாள். முடிவில் தோட்டத்துக்கென்று ஒரு மஞ்சள் பெட்டி கொடுத்தார்கள். நீளமான கயிறு, டோர்ச், கையில் பிடித்துப் பேசும் ஸ்பீக்கர், மருந்துச் சாமான். பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள்.

பெட்டி தோட்ட ஆபீஸ் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பூட்டுக்குள் அடங்கியது. சாவி மகேஸ்வரனிடம். அவர் வெளிக்கள உத்தியோகத்தர். அவரும் லயத்தில் பிறந்து படித்து மேலே வந்தவர்தான்.

"ஐயா, பெட்டி லயத்துல இருக்கணும். மழ வந்தா ஆபீசுக்கு ஓடி வந்து சாவி கேக்க முடியுமா?" என்று சுதர்சினி போய் நின்றாள்.

"லயத்துல வச்சா ஒரு கெழமயில கயிறு ஆடு கட்டப் போயிடும். எனக்குத் தெரியாதா நம்ம ஆளுங்கள?" என்றார் மகேஸ்வரன்.

அவள் மறுபடியும் போனாள். அதன் பிறகும் போனாள். கடைசியில் அவளைக் கண்டாலே மகேஸ்வரன் போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

பெருமழை வந்த அந்த வாரம் அவளுடைய கணவன் கிஷாந்த் தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தான். பாதை உடைந்து பஸ் நின்றுவிட்டது. வேலையும் இல்லை. சனமெல்லாம் லயத்துக்குள் அடங்கிக் கிடந்தது. காலையில் சுதர்சினி பீலிக்குக் குடத்தோடு போனாள். தண்ணீர் பால் சேர்க்காத சாயத்தண்ணி நிறத்தில் வந்தது. சற்று நேரத்தில், மழை அடித்துக்கொண்டிருக்கும்போதே, நூல் போல மெலிந்து நின்றது.

அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கடைசிக் காம்பராவில் இருந்த மாரிமுத்து தன் கதவைத் தோளால் இடித்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு அசையவில்லை. அவருடைய மனைவி நல்லம்மா இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தாள்.

சுதர்சினி மகேஸ்வரனுக்குப் போன் எடுத்தாள். அவர் மாத்தளை டவுனில் அகப்பட்டுக்கொண்டிருந்தார். சாவியும் அவரிடம்தான்.

"பூட்ட ஒடைக்கப் போறேன் ஐயா."

"கைய வைக்காத. அது ஆபீஸ் சாமான், நான்தான் பொறுப்பு. பாத தொறந்தா நானே வந்து எடுத்துத் தாறேன்."

"பாத தொறக்கிற வரைக்கும் மல காத்திருக்குமா?"

அவர் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. அவள் மம்பட்டியின் பின்பக்கத்தால் பூட்டை அடித்து உடைத்தாள்.

பெட்டிக்குள் கயிற்றில் ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. மீதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். டோர்ச்சைக் காணோம். ஸ்பீக்கரில் பெற்றரி இல்லை. இத்தனை நாளாக, திருட்டுப் போகும் என்று சொல்லிப் பூட்டி வைத்த பெட்டி இது. சுதர்சினி அதைக் காலால் எட்டி உதைத்தாள். கால்விரல் நகம் பெயர்ந்தது. இரத்தத்தைக்கூடப் பார்க்காமல் லயத்துக்கு ஓடினாள்.

ஒரு சட்டிமூடியையும் அகப்பையையும் எடுத்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று அடித்தாள். "வெளிய வாங்க. பிள்ளைகளத் தூக்குங்க. சாமான் ஒண்ணும் வேணாம்."

சிலர் வந்தார்கள். சிலர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். ஓடையோரக் கோயில் கொங்கிறீட் கட்டடம், அங்கே போகலாம் என்று ஒருவர் சொன்னதும் பாதிச் சனம் கீழே இறங்கத் திரும்பியது. சுதர்சினி பாதையின் குறுக்கே நின்றாள்.

"ஓடப் பக்கம் போனா மண்ணு ஒங்க பின்னாலயே வரும். என் அக்காவ நான் மம்பட்டியால தோண்டி எடுத்தேன். ஒங்களையும் தோண்டச் சொல்றீங்களா?"

இறங்கத் திரும்பியவர்கள் நின்றார்கள். பக்கவாட்டில், யூக்கலிப்டஸ் மரங்கள் நின்ற மேட்டுக்குத் திரும்பினார்கள். இரண்டு கம்புகளையும் கொழுந்துச் சாக்குகளையும் வைத்து நல்லம்மாவுக்குக் கட்டில் செய்தார்கள். நடுவில் மழைநீர் வடியும் கான் ஒன்று பெருக்கெடுத்துப் பாய்ந்தது. பெண்கள் சேலைகளை அவிழ்த்து முறுக்கி முடிந்து, இரு கரை மரங்களிலும் கட்டினார்கள். உள்பாவாடையோடு நின்றதற்கு யாரும் வெட்கப்படவில்லை. குழந்தைகள் ஒவ்வொன்றாக மறுகரைக்குப் போனார்கள்.

நல்லம்மாவைக் கரையேற்றியதும் மாரிமுத்து நின்றுவிட்டார்.

"ஆடுங்க கட்டிப்போட்டபடி கெடக்கு. அவுத்து விட்டுட்டு வந்துர்றேன்."

"வேணாம் மாமா. போகாதீங்க."

"நான் வளத்த சீவன், தாயி. கட்டுல கெடந்து சாக விட முடியுமா?"

"அப்ப ஆட்டோட சேந்து சாவுங்க" என்றாள் சுதர்சினி.

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். சனம் மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது, லொறி லொறியாகக் கருங்கல் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. தேயிலையும் மரமுமாக மலை நகர்ந்தது. லயத்தின் பாதியை எடுத்துக்கொண்டு, கோயிலையும் மூடி, ஓடை வழியே கீழே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து ஆடுகள் மட்டும் மேட்டுக்கு ஏறி வந்தன. கயிறு அறுந்து வரவில்லை; முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

நல்லம்மா சாக்குக் கட்டிலில் கிடந்தபடி, "அவரு எங்க?" என்று கேட்டாள். சுதர்சினி குனிந்து அவள் முகத்து மழைநீரைத் துடைத்தாள். அவருக்குக் கடைசியாகத் தான் சொன்ன வார்த்தையை நல்லம்மா கேட்டிருப்பாளா என்று அவளுக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவும் இல்லை.

பாடசாலையில் முகாம் போட்டார்கள். பாதை திறந்ததும் மகேஸ்வரன் வந்தார். சனத்தைக் கண்டு கண் கலங்கினார். அது பொய்யில்லை. ஆனால் அடுத்த நாளே பூட்டு உடைத்ததைப் பற்றித் தோட்டத்திலிருந்து முறைப்பாடு போயிற்று. சுதர்சினியையும் மகேஸ்வரனையும் போலீசுக்கு வரச் சொன்னார்கள்.

அவள் உடைந்த பூட்டையும், ஸ்பீக்கரையும், அந்த ஒரு முழக் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, சார்ஜன்ட்டிடம் சிங்களத்தில் சொன்னாள்: "பூட்டை உடைத்தது நான். மீதிக் கயிற்றை எடுத்தது யார் என்று இவரிடம் கேளுங்கள்."

மகேஸ்வரன் தலை குனிந்தார். தண்ணீர் மோட்டாரை இழுத்துக் கட்டக் கயிற்றை எடுத்ததாகவும், பெற்றரியை ஆபீஸ் மணிக்கூட்டுக்குப் போட்டதாகவும், டோர்ச் எங்கே போனதென்று தெரியாதென்றும் சொன்னார். "இப்பிடி ஆகும்னு நான் நெனைக்கல" என்றார்.

"நெனைக்கத்தான் ஐயா ஒங்களுக்குச் சாவி குடுத்தாங்க."

முறைப்பாடு அத்தோடு நின்றது.

பிறகு பெரிய மனிதர்கள் வந்தார்கள். வீரப் பெண் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்த முகாமுக்கு முன்னால் கதிரை போட்டார்கள். சுதர்சினி மேடையேறவில்லை. கீழே நின்றபடியே பேசினாள்.

"ஓடப் பழகுங்கன்னு சொல்லித் தாறீங்க. பழகினோம். ஓடினோம். ஒரு மனுசன் செத்துட்டாரு. இனி மழ பெய்யிற ஒவ்வொரு நாளும் கைக்கொழந்தைகளோட ஓடச் சொல்றீங்களா? ஓட வேண்டியில்லாத எடத்துல எங்களுக்கு ஒரு துண்டுக் காணி தாங்க."

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பொன்னாடை மடித்தபடியே திரும்பிப் போனது. காணி பற்றிப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

பாடசாலை திறக்க வேண்டியிருந்ததால் முகாமைக் கலைத்தார்கள். சனம் போவதற்கு வேறு இடமில்லை. மிஞ்சிய பாதி லயத்துக்கே, அதே மலையின் கீழே, திரும்பினார்கள். நல்லம்மாவைச் சுதர்சினி தன் காம்பராவில் வைத்துக்கொண்டாள். தம்புள்ளையிலிருந்து திரும்பிய கிஷாந்த் மரக்கறி லொறிக் கயிறொன்று வாங்கி வந்து வாசலில், எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் மாட்டினான். அதை இதுவரை யாரும் வெட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுதர்சினி சட்டிமூடியைத் தட்டிச் சனத்தை மேட்டுக்கு ஏற்றி இறக்குகிறாள். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஏறுகிறார்கள். மேட்டில் நின்று மூச்சு வாங்கும்போது, கீழே சரிந்த மண்ணில் புல் முளைத்துப் பச்சையாகத் தெரியும். அதைப் பார்த்து, "நல்லா வளந்துருச்சு" என்று ஒருமுறை யாரோ சொன்னார்கள்.

"அதுக்குக் கெடச்ச நெலம்கூட நமக்குக் கெடைக்கல" என்று சொல்லிவிட்டு, அவள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.