அக்கா கொடுத்த பதினைந்து நாள்

பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு மனிதர்களைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் அக்காவைத்தான் சொல்கிறேன். கன்னம் வீங்கி வந்தவர், நேரம் வாங்காமல் வந்துவிட்டு முறைப்பவர், உள்ளே போகப் பயந்து நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்திருப்பவர், எல்லாரும் ஒரே அறையில். அத்தனை பேரையும் குரல் உயர்த்தாமல் வரிசையில் வைத்திருப்பாள். ஆறாயிரம் பேர் இருக்கிற மீன் தொட்டி குரூப்பையும் அப்படியேதான் செல்போனில் நடத்துகிறாள்.

மீன் வளர்க்கிறவர்கள் சாதுக்கள் என்று நினைத்தால் உங்களைப் போல ஏமாளி யாரும் இல்லை. தொட்டிக்கு மணல் போடலாமா கூழாங்கல் போடலாமா என்று ஆரம்பித்து அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துவிடுவார்கள். அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். சந்தேகமான பதிவு எதுவானாலும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பாள். மேஜைக்கு எதிரே பல்வலியோடு நிற்பவரிடம் இதே வார்த்தையைச் சொல்ல முடியுமா? முடிந்தால் பதிவு இருக்கும், முடியாவிட்டால் போய்விடும். புதிதாக வந்தவரைக் கேலி செய்தால் பதினைந்து நாள் குரூப்பில் எழுத முடியாது. கெஞ்சினாலும் சரி, கொஞ்சினாலும் சரி.

நானும் அங்கே ஒரு அட்மின். தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர், வீட்டில் நான்கு தொட்டி. படத்தைப் பார்த்தே மீனுக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுவேன், இதில் என்ன தன்னடக்கம்? நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். ஒரு பேக்கரியின் பின்கட்டில் ஃபிரிட்ஜைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பதிவு வந்தது. எழுதியவர் நர்ஸ், ஆபரேஷன் தியேட்டரில் வேலை, கிருமி என்றாலே கை பரபரக்கும் ஆள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்ததும் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல்லைக் கொதிநீரில் போட்டு, ஃபில்ட்டர் ஸ்பாஞ்சை சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிந்து, பளபளவென்று திரும்ப வைத்திருக்கிறார். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் நல்ல கிருமிகள் அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன என்பது, பாவம், அவருக்குத் தெரியாது. புதனுக்குள் பன்னிரண்டில் பதினோரு மீன் போய்விட்டது. "ஒரே ஒரு கறுப்பு மோலி மட்டும் பக்கெட்டுல மூச்சு வாங்கிட்டிருக்கு. இதையாவது காப்பாத்த முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

நான் எழுதினேன்: "இவ்வளவு சுத்தமா கழுவினீங்களே சிஸ்டர், அப்படியே பொரிச்சிருக்கலாமே?"

பத்து நிமிஷத்தில் இருநூறு சிரிப்புப் பொம்மை. ஆகா, என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கேட்ட கேள்விக்கு மட்டும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. "மன்னிச்சிடுங்க, தெரியாம கேட்டுட்டேன்" என்று எழுதிவிட்டு அவர் குரூப்பை விட்டே போய்விட்டார்.

அக்காவின் போன் வந்தது.

"சாப்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"ஒண்ணு படிக்கிறேன், கேளு."

நான் எழுதியதைப் படித்தாள், நோயாளியிடம் பேசுகிற அதே குரலில், நிதானமாக. அந்தக் குரலில் கேட்கச் சகிக்கவில்லை.

"சும்மா வேடிக்கைக்குத்தானேக்கா..."

"யாருக்கு வேடிக்கை? பக்கெட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவங்களுக்கா? பதினஞ்சு நாள் நீ எழுத முடியாது. அட்மினும் கிடையாது. குரூப்ல போட்டுட்டேன்."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவளுக்கு ஆடவே இல்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"கூடப் பிறந்தவன்க்கா நான்! ஆறாயிரம் பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே!"

"கத்தி முடிச்சியா? இப்ப நான் சொல்றதைக் கேளு. மூணு வருஷமா உன் வாயால வெளிய போன ஒவ்வொருத்தருக்கும் நான் தனியா மன்னிப்புக் கேட்டு எழுதிட்டிருக்கேன். நாப்பத்து மூணு பேருடா. ஆறு பேர்தான் திரும்பி வந்தாங்க. நாப்பத்து நாலாவது ஆளுக்கு நான் எழுத மாட்டேன். உன் தொட்டியில ஓடிட்டிருக்கிற ஸ்பாஞ்ச் ஒண்ணை எடுத்துக்கிட்டு நீயே போ. அவங்ககிட்ட விலாசம் வாங்கிட்டேன். வர்றது யாருன்னும் சொல்லிட்டேன்."

ஸ்க்ரூடிரைவரை விட்டெறிந்தேன். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். நாற்பத்து மூன்று பேர்! நான் சிரிக்கவைத்தவர்களை எண்ணியிருக்கிறேன், துரத்திவிட்டவர்களை எண்ணியதே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

நர்ஸ் வீடு மூன்றாவது மாடியில். என் தொட்டித் தண்ணீர் இரண்டு கேன், டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், இவற்றோடு மூச்சிரைக்க வாசலில் நின்றேன். கதவைத் திறந்தவர் சீருடையில் இருந்தார்.

"நீங்கதானா அது?"

"நான்தான் சிஸ்டர். சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் உடனே வழிவிடவில்லை. "வேலையில ஒரு சின்னத் தப்புக்கூட நடக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்துச் செய்யறவ நான். என் கையாலயே பதினொண்ணைக் கொன்னுட்டேனேன்னு உக்காந்திருந்தப்ப இருநூறு பேர் சிரிச்சாங்க."

வெட்கமாக இருந்தது. மீன் என்ன பாவம் செய்தது என்று நினைத்தாரோ என்னவோ, ஒதுங்கி வழிவிட்டார்.

சோப்பு வாடை போகத் தொட்டியை ஏழெட்டுத் தடவை வெறும் தண்ணீரில் அலசினேன். பிறகு டப்பாவைத் திறந்தேன். பழுப்பாக, வழவழவென்று, பார்க்கவே குமட்டும் ஸ்பாஞ்ச். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயையோ, இதையா உள்ள வைக்கப் போறீங்க?"

"இந்த அழுக்குதான் சிஸ்டர் மருந்து."

"நான் கிளவுஸ் போட்டுக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். உடனே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். நல்லவேளை, அவரும் சிரித்தார்.

மோலி இரண்டு நாள் மூலையில் சாய்ந்தே கிடந்தது. மூன்றாவது நாள் தீனி எடுத்தது. அவர் படம் அனுப்பியபோது எனக்குக் கண் கலங்கியது, இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அன்றைக்கே அக்காவிடம் திரும்பி வராத முப்பத்தேழு பேரின் பட்டியலைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் அனுப்பினாள். மறுநாளிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நாலு பேருக்கு எழுதினேன். சொந்தமாகத் தொட்டி செய்து அது ஒழுகிப்போன ஒரு தச்சரிடம் "கப்பல் எப்ப மூழ்கிச்சு?" என்று கேட்டிருக்கிறேன், படுபாவி. அவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் பசை எது நல்லது என்று கேட்டார். சிலர் பதிலே போடவில்லை. அதற்கு நான் யாரைக் குறை சொல்ல?

எட்டாவது நாள் நர்ஸ் குரூப்புக்குத் திரும்பி வந்தார். மோலியின் படத்தைப் போட்டு, "இவர்தான் காப்பாத்தினார். இவரை எழுத விடுங்க, நானே கேக்கறேன்" என்று எழுதினார். முந்நூறு பேர் ஆமாம் போட்டார்கள். அக்காவின் போன் வந்தது.

"அடிபட்டவங்களே கேக்கறாங்க. நீ என்ன சொல்ற?"

அந்த எட்டு நாளும் குரூப்பில் ஆளாளுக்குத் தப்புத்தப்பாக வைத்தியம் சொல்வதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன் நான். சரி என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேண்டாங்கா. இன்னும் இருபத்தொரு பேர் பாக்கி. இப்ப உள்ள விட்டா மேதாவி மாதிரி பதில் சொல்லப் போயிடுவேன், இவங்களை மறந்துடுவேன். பதினஞ்சு நாளும் ஓடட்டும்."

மறுமுனையில் யாரோ ஒருவர் தன் முறை எப்போது வரும் என்று அவளிடம் கேட்பது கேட்டது. "ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள். எத்தனை வலி, எத்தனை சண்டை பார்த்த குரல், அது தழுதழுத்து அன்றுவரை நான் கேட்டதே இல்லை.

"சரிடா தம்பி," என்றாள்.