டிரெசருக்கு வந்த கால் வலி

மலாயாவில், லூபோக் சீனாவுக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் நான் டிரெசராக, அதாவது மருந்து கொடுக்கும் ஆளாக, இருந்தேன். பால் மரம் வெட்டும் ஜனங்களில் யார் நோயாளி, யார் சோம்பேறி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. கால் வலி என்று யாராவது வந்தால் தைலத்தைத் தடவி, "நடந்தா சரியாப் போயிடும், போ" என்பேன். புத்தகத்தில் 'கால் வலி, நடிப்பு' என்று எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து ஆள் குறைப்பு வந்தது. இரண்டு டிவிஷனுக்கும் ஒரே டிரெசர் போதும் என்று முடிவு செய்த துரை, ஒரு பழைய சைக்கிளை என்னிடம் தள்ளினார். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் முன் நாலு மைல் மிதித்து அடுத்த டிவிஷனில் நிற்க வேண்டும். ஒரு வாரத்தில் பழகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள்.

விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில், இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை அடிவரை இறக்கிவைத்தேன். மூன்றே நாளில் தொடை இரண்டும் விறகுக்கட்டையாகிவிட்டன. என் தைலத்தையே அரைப் புட்டி தேய்த்தேன். எரிந்ததே தவிர வலி இம்மியும் குறையவில்லை. இந்தக் கண்றாவியையா இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பூசினேன்! கக்கூஸில் குந்தினால் எழுந்திருக்கச் சுவரைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

நாலாம் நாள், அடுத்த டிவிஷன் லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு மரத்தடியில் சாய்ந்தேன். வேலை போனால் போகட்டும் என்றே தோன்றியது. பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்றாள். முந்தாநாள்தான் அவளுக்கு 'நடிப்பு' எழுதியிருந்தேன்.

"நடந்தா சரியாப் போயிடும், எந்திரிங்கய்யா."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சிரிக்கவில்லை.

"சீட்ட ஏத்துங்க. கால நீட்டி மிதிக்க வேணாமா? அடிமரத்துல குந்திக் குந்தி வெட்டுனா எங்க தொடையும் இப்படித்தான் கடுக்கும். சாயங்காலம் வெந்நி ஊத்தி, தவிட்ட வறுத்து ஒத்தடம் குடுங்க. அந்தத் தைலம் வேணாம்லா."

சீட்டுக்கு அடியில் தொங்கிய பையில் ஸ்பானர் இருந்தது. நாலு விரல் ஏற்றினேன். கடைசிப் பெயர் கூப்பிடும்போது போய்ச் சேர்ந்துவிட்டேன். தவிட்டு ஒத்தடத்தில் இரண்டு நாளில் வலியும் அடங்கியது.

அடுத்த வாரம் அவள் கால் வலி என்று வந்து நின்றாள். 'கால் வலி, நிஜம். இரண்டு நாள் லீவு' என்று எழுதித் துண்டுச் சீட்டை நீட்டினேன். நான் எழுதியதை வாசித்துச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"எங்க காலும் வலிக்கும்னு தெரிய ஒங்களுக்கு ஒரு சைக்கிளு வேண்டியிருந்துச்சில்ல, ஐயா?"