மாப்பிள்ளை வாங்கும் மழைக்கோட்டு

தொப்பூர் கணவாய் ஏறும்போதே தொப்பலாக நனைந்துவிட்டேன். அதியமான்கோட்டையில் பைக்கை நிறுத்திவிட்டு, சாலையோரக் கடை ஒன்றில் மழைக்கோட்டு பார்க்கிறேன். கார்த்திகைக் குளிரில் பல் கிட்டுகிறது.

எனக்கு முன்னால் வந்த இளைஞர் ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் இருபுறமும் காலைப் போட்டு உட்கார்கிறார். தொடையில் இழுத்துப் பிடிக்கிறது.

"குதிரையில உக்காரணுங்க. நாளைக்கு எனக்குக் கல்யாண ஊர்வலம்," என்கிறார். கடைக்காரர் கோட்டின் பின்பக்கத்தை இடுப்புவரை கத்தரித்துக் கொடுக்கிறார். இப்போது சரியாக விழுகிறது.

"எங்க காலனிக்காரங்க யாரும் இதுவரைக்கும் ஊர்த்தெருவுல குதிரையில போனதில்லைங்க," என்று என்னிடம் சொல்கிறார். மழை வந்தால் வேனில் போய்விடும்படி ஊர்ப் பெரியவர்கள் அக்கறையாகச் சொல்லியிருக்கிறார்களாம். மழைக்காக இந்நேரம் சாமிக்கு வேண்டிக்கொண்டுகூட இருப்பார்கள்.

கடைக்காரர் கறுப்புக் கோட்டு ஒன்றை நீட்டுகிறார். "இது கெட்டிங்க. குளிரு தாங்கும்."

"வேணாங்க. கண்ணாடி மாதிரி இருக்கற இதே போதும். குதிரை மேல யாரு போறாங்கன்னு தெரியணுமில்லைங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "குளிர்ல எதுக்குங்க நனையணும்? மழை விட்டதும் போனா ஆகாதா?"

அவர் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே என்னைப் பார்க்கிறார்.

"நாங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிப்போங்க. போலீசு ஒரு மணி நேரந்தான் நிக்குமாம்."