கொத்தனாரம்மாவுக்கு மாடி எதற்கு?

பெரியவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமில் பொருத்தி, வந்தவர் காதுக்குத் தக்கபடி வளைத்துக் கொடுப்பாள். வருஷக்கணக்காக ஒரே நாவலை எழுதிக்கொண்டிருந்தாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்த சின்னவளோ, துப்பறியும் தபால்காரர் ஒருவரைப் படைத்து, அவரை வைத்தே மளமளவென்று நான்கு பாகம் எழுதித் தள்ளிவிட்டாள்.

கடையிலும் நிம்மதி இல்லை. "தபால்காரர் கதை எழுதறவங்க உங்க ஓரகத்தியாமே? ஒரு கையெழுத்து வாங்கித் தர்றீங்களா?" என்பார்கள். திருகாணியை முடுக்கியபடியே பெரியவள் சிரித்துவைப்பாள். வயிறு பற்றி எரியும்.

ஒருவழியாக அவளும் நாவலை முடித்துப் பதிப்பாளரிடம் கொடுத்தாள். கொத்து வேலை செய்யும் ஒருத்தி பாடுபட்டுத் தனக்கென ஒரு வீடு கட்டி, குடிபோகுமுன்பே செத்துப்போகிற கதை. படித்துவிட்டுப் பதிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவங்களை ஏம்மா கொன்னீங்க? குடிபோகட்டும். ரெண்டாம் பாகத்துல மாடி கட்டலாம், மூணாவதுல வாடகைக்கு விடலாம். உங்க ஓரகத்தியோடது மாதிரி ஓஹோன்னு போகும்."

அந்தக் கடைசிப் பேச்சுதான் சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்ததும் கொத்தனாரம்மாவை உயிர்ப்பித்து, இரண்டாம் பாகத்தைத் தொடங்கினாள். பிழைத்து எழுந்தவளுக்கோ செய்ய ஒரு வேலையும் இல்லை. மாடி உயர உயரக் கதை சப்பென்று போனது. படித்துப் பார்த்த கணவன், "செத்தப்ப நல்லா இருந்தா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

ஒரு ஞாயிறு, பாத்திரம் துலக்கும்போது சின்னவள் மெல்லப் பேச்செடுத்தாள்.

"அக்கா, உங்க பழைய முடிவை உங்க வீட்டுக்காரரு காட்டினாரு. எனக்குப் பொறாமையா இருக்கு. என் தபால்காரரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வருது. ஆனா ரிட்டயராகக்கூட விடமாட்டேங்கறாங்க."

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெரியவள் சொல்லவில்லை.

"பொறாமையா? எம்மேலயா?"

"ஆமாக்கா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்!"

உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய் எழுத உட்கார்ந்தாள். அன்று மத்தியானத்துக்குள் மாடி இடிந்தது. கொத்தனாரம்மா மறுபடி செத்தாள், இந்த முறை இன்னும் நன்றாக.

பதிப்பாளர் முனகிக்கொண்டே புத்தகத்தைப் போட்டார். சுமாராகத்தான் விற்றது. அடுத்த மாதம் வந்த தபால்காரரின் புதிய பாகமோ வந்த சூட்டிலேயே மறுபதிப்பு கண்டது. பெரியவள் அதை அட்டை போட்டு மறைத்துக் கடைக்கு எடுத்துப்போனாள். கூட்டம் இல்லாத நேரத்தில் பாதி வரை ஒரே மூச்சில் படித்தாள்.

"பாவி, நல்லாத்தான் எழுதித் தொலைக்கறா" என்று முணுமுணுத்தபடி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.