பாய்மர உச்சியில் பிளாஸ்டிக்

கிள்ளான் துறைமுகத்துப் படகுப் பட்டறையில் எனக்கு வேலை கம்பி கட்டுவது. பாய்மர உச்சியில் கப்பியைத் தாங்குவது ஷேக்கிள் என்கிற இரும்பு வளையம். அதன் வாயை மூடும் திருகாணி, காற்றில் ஆடி ஆடித் தானாகக் கழன்றுவிடும். அதனால் அதன் தலைத் துளையில் துருப்பிடிக்காத கம்பியை விட்டு, வளையத்தோடு சேர்த்துப் பிளையரால் முறுக்கி, கையைக் கிழிக்காதபடி முனையை மடக்க வேண்டும். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் இதை ஒழுங்காகச் செய்தேன்.

நடுவில் சலித்துப்போய்ச் செமினி ஊருக்குக் கட்டட வேலைக்குப் போனேன். சில மாதம் கழித்துத் திரும்பிய அன்றே, ஒரு படகின் பாய்மர விளக்கை மாற்ற மேலே ஏறச் சொன்னார்கள். கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்தேன், கீழே இருவர் கயிற்றை இழுத்தார்கள். உச்சியில் என் கம்பியைக் காணோம். வெயிலில் வெடித்த, கேபிள் டை என்கிற வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்று தொங்கியது. திருகாணி முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. என்னைத் தூக்கிய கயிறு அந்தக் கப்பியில்தான் ஓடியது. ஒரு கையால் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகினேன். பிறகு பையிலிருந்த கம்பியால் கட்டினேன்.

இறங்கியதும் கத்தினேன். "எவன் கம்பிய வெட்டினது?"

சூப்பர்வைசர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தான் வெட்டச் சொன்னேன். பெயின்ட் அடிக்க மரத்த இறக்கினோம்லா. கம்பி அசிங்கமா இருக்கு, டை போட்டா நீட்டா இருக்கு."

"அவ்வளவு உயரத்துல எவன் பாக்கப் போறான், பாஸ்? காக்காவா?"

"நீதான் விழலையே. அப்புறம் என்னலா சத்தம்?"

"அப்ப நீங்க ஏறுங்க. பலகை சும்மாதான் கிடக்கு."

அவர் ஏறவில்லை. தஞ்சாவூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்திருந்த ஒருவனைக் கூப்பிட்டு, இதோடு சேர்த்துப் பெயின்ட் அடித்த பக்கத்துப் படகைக் காட்டினார். "நீ ஏறிப் பாரு."

"மாட்டேன்னா பெர்மிட் புதுப்பிக்க மாட்டாங்கண்ணே" என்று என்னிடம் முணுமுணுத்தபடியே அவன் பலகையில் காலை விட்டான்.

எனக்குப் பெர்மிட் தேவையில்லை, நான் இந்த நாட்டுக்காரன். பிடிக்காவிட்டால் நாளைக்கே பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவுவேன். அவனால் மறுக்க முடியாது என்று தெரிந்துதானே கூப்பிட்டார்! அவனை இறக்கிவிட்டு நானே உட்கார்ந்தேன். முன்பக்கப் பாயை ஏற்றும் கயிறு வேறு கப்பியில் ஓடியது, அதையும் இடுப்பில் கட்டிக்கொண்டேன். இரண்டு கப்பியும் ஒன்றாகக் கழலாது என்று ஒரு நம்பிக்கை.

அங்கே உச்சியிலும் பிளாஸ்டிக். வெட்டி, சூப்பர்வைசர் தலையைக் குறிபார்த்து எறிந்தேன். படவில்லை. திருகாணியை இறுக்கிக் கம்பியை முறுக்கினேன்.

"இன்னும் எத்தனை படகு?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"ஆறுண்ணே" என்றான் தஞ்சாவூர்க்காரன். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த படகுக்கு நடந்தேன்.