அக்காவின் ஓண இலையும் என் சின்ன வயிறும்

என் அக்காவுக்குக் கொஞ்சிப் பேசத் தெரியாது. தோளில் கைபோட்டு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததெல்லாம் இலையில் போடுவது, பிறகு இன்னும் கொஞ்சம் போடுவது. எனக்குப் பதினோரு வயதில் அம்மா போனாள். அக்காவுக்கு அப்போது இருபது, கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. என்னையும் கையோடு கரமனையில் இருந்த தன் புகுந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் போட்டாள், நான் சாப்பிட்டேன். எங்களுக்குள் நாற்பது வருஷமாக நடந்த பேச்சே அவ்வளவுதான். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

நான் சரியான சாப்பாட்டு ராமன். கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்குப் போட்டியே இருக்கும். எனக்கு ஓடிவரும் பரிமாறல் அந்த இலைக்கும் கொஞ்சம் கிடைக்குமே. திருவோணத்தன்று அக்கா வீட்டில் பால்பாயசத்தை இலையில் ஊற்றி, போளியைப் பிய்த்துப் போட்டுக் குழைத்து, ஒரு வருஷம் பதினொரு போளி வரை போயிருக்கிறேன். அந்தப் பதினொன்றை அக்காவின் கணவர் அத்திம்பேர், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் அவர் சொல்லும்போது அந்தப் பக்கம் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

கடைசியில் எடை நூற்றிருபத்தெட்டில் வந்து நின்றது. சர்க்கரை, முட்டிவலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கூத்து. ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் நின்று, போன் வந்ததுபோல் நடித்து மூச்சு வாங்குவேன். மாசி மாதம் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றைச் சின்னதாக்கிக் குடலோடு வேறு வழியாக இணைத்துத் தைத்தார்கள். ஆறு மாதத்தில் முப்பத்தெட்டு கிலோ இறங்கியது.

அக்காவிடம் மட்டும் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளதை எப்படிச் சொல்வது? நீ ஆசை ஆசையாகப் போட்டது எனக்கு ஆகவில்லை, அதற்கு இருந்த இடத்தையே எடுத்துப் போட்டுவிட்டேன் என்றா? வயிறு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அதோடு அக்காவும் போய்விடுவாளோ என்பதுதான் பயம். சாப்பிடாத தம்பியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

என் மனைவிக்கு இந்தப் பொய் பிடிக்கவில்லை. "நானா எடுத்து விடமாட்டேன். ஆனா கேட்டா மறைக்கவும் மாட்டேன், கேட்டேளா," என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். தையல் ஆறவில்லை என்று சொல்லிச் சித்திரை விஷுவைத் தாண்டினேன். பிறகு ஆபீசில் வேலை என்றேன். போகிறபோதெல்லாம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஏண்டா இப்படி க்ஷீணிச்சுப் போயிட்டே?" என்பாள். வாக்கிங் என்பேன். யாரோ என்னை ஏமாற்றி வாக்கிங் போகவைக்கிறார்கள் என்பதுபோல் என் மனைவியைப் பார்ப்பாள்.

ஓணத்துக்கு என்ன சாக்கு சொல்வது? ஆஸ்பத்திரியில் உணவு விஷயம் பார்க்கும் பெண்ணிடம் யோசனை கேட்டேன். "ஓணம் ஒரு திவசமே உள்ளு சாறே. வயறு எல்லா திவசமும் உண்டு," என்றாள். ஓணம் ஒரு நாள், வயிறு எல்லா நாளும். பருப்பை முதலில் சாப்பிடுங்கள், நன்றாக மெல்லுங்கள், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள், பாயசத்தின் பக்கமே போகாதீர்கள் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் பரீட்சைக்குப் போகிற பையன்போல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திருவோணத்தன்று மேஜையில் நாங்கள் மூன்று பேர். நான், இடது பக்கம் மனைவி, எதிரே அத்திம்பேர். அக்கா வழக்கம்போல் நின்றுகொண்டு பரிமாறினாள். உப்பேரி, புளியிஞ்சி, தோரன், அவியல், ஓலன், காளன் என்று இலை நிறைந்துகொண்டே போனது. அவள் உள்ளே போகும்போதெல்லாம் நான் என் அவியலை மனைவியின் இலைக்குத் தள்ளினேன். மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு தின்றாள். சாம்பாருக்கு இரண்டாம் தடவை சாதம் வந்தபோது இரண்டு கையையும் விரித்து இலையை மூடினேன். எங்கள் பந்திகளில் அதற்கு 'இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள்' என்றுதான் அர்த்தம். நாற்பது வருஷமாக நானே அப்படித்தான் மூடியிருக்கிறேன். அக்கா விரலிடுக்கில் பார்த்துப் போட்டாள்.

பிறகு போளி வந்தது. "உனக்குன்னு விடிகாலம்பற எழுந்து தட்டினேன்," என்று இரண்டை வைத்து, மேலே பால்பாயசத்தை ஊற்றிவிட்டு, கரண்டியோடு அங்கேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒன்றரை போளி சாப்பிட்டேன். அமிர்தம்தான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அக்கா நிம்மதியாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அத்திம்பேரின் இலைக்குப் போனாள்.

கால்மணி நேரம் ஆகியிருக்காது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வியர்வை சட்டையை நனைத்தது. வயிற்றை யாரோ பிழிவதுபோல் இருந்தது. தித்திப்பு குடலுக்குள் ஒரேயடியாக இறங்கினால் இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தட்டுத்தடுமாறி உள்ளறைக் கட்டிலில் போய் விழுந்தேன். அக்கா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நெஞ்சாடா? நெஞ்சு வலிக்கறதா?" என்றாள். அத்திம்பேர் ஆட்டோ பிடிக்கப் போய்விட்டார். அக்கா என் மார்பில் கையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. படுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குடலிறக்கம் இல்லை, வயிற்றையே குறைத்துக்கொண்டேன், நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை, போளிதான் என்றேன்.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, "இப்போ எத்தன கொள்ளும்?" என்று மட்டும் கேட்டாள். முஷ்டியை மடக்கிக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. போச்சு, இனி இந்த வீட்டுக்கு நான் வெறும் விருந்தாளிதான் என்று நினைத்தேன். ஐம்பத்தொரு வயதில் தலையணையில் முகம் புதைத்து அழுதேன், வெட்கமாக இல்லை.

படபடப்பு அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அத்திம்பேர் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, சாய்வு நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார். மனைவி டிவி முன்னால் இருந்தாள். நான் மெல்ல எழுந்து அடுக்களைக்குப் போனேன். மணி மூன்று. அக்கா அப்போதுதான் தரையில் இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன சாதம், கொஞ்சம் ஓலன், தோரன், ரசம். பக்கத்தில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தப்புதான் அக்கா," என்றேன்.

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே பேசினாள். "அம்மா போனப்போ ரெண்டு நாள் உனக்குச் சாதம் எறங்கல்லை. நானும் பயந்துபோனேன், இந்தப் பிள்ளையும் போயிடுமோன்னு. மூணாம் நாள் மோருஞ்சாதம் பிசைஞ்சு குடுத்தேன், நாலு உருண்டை தின்னே. அப்பறம்தான் எனக்கு உசிரு வந்தது. அன்னிலேர்ந்து நீ சாப்டறதைப் பார்த்தாத்தான் எனக்கு சமாதானம். நீ நன்னா இருக்கேன்னு இனிமே நான் எதை வெச்சுண்டுடா தெரிஞ்சுக்கறது?"

எழுந்து போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் மெதுவாகச் சாப்பிட்டாள். எதை முதலில் எடுப்பாள், எதைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பாள் என்று அன்றுதான் பார்த்தேன். தோரனை மிச்சம் வைத்து வைத்துக் கடைசியில் சாப்பிடுகிறாள்.

"இத்தன ஓணத்துலயும் நீ இலையை மடிச்சுட்டு நேரே போய்ப் படுத்துப்பே," என்றாள் நிமிராமல். "நான் சாப்டறச்சே ஒருத்தரும் பக்கத்துல உக்காந்ததில்லை. இனிமே இப்படி வந்து இரு. அது மதி, அது போறும்."

அவள் இலையில் ஓலன் தீர்ந்திருந்தது. நான் போடுகிறேன் என்று எழுந்தேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன், மேடையில் இருந்த இரண்டு மூடியைத் தூக்கிப் பார்த்தேன். நான் வளர்ந்த வீட்டு அடுக்களை. எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா இடது கையை நீட்டிக் காட்டினாள்.