சித்ரா கரண்டு

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார் சித்ராதேவி. "பால் பொங்குது, தண்ணி மட்டும் ஏன் பொங்கி வழிய மாட்டேங்குது?" என்று யாரோ பொழுது போகாமல் கேட்டுவிட்டார்கள். உட்கார்ந்தபடி பதில் சொல்ல அவருக்கு வராது. நடந்துகொண்டேதான் சொல்வார். "பால் மேல ஆடை கட்டுதுல்ல? அடியிலருந்து வர்ற ஆவிக்கு அது மூடி போட்ட மாதிரி. முட்டி முட்டி அதையும் தூக்கிக்கிட்டுத்தான் வெளிய வரும். தண்ணிக்கு ஏது ஆடை?" சொல்லி முடிப்பதற்குள் பெல் அடித்துவிடும். அவர் ஒரு முழு டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங், நான் அடுத்த மேஜையில் பேக்கிங். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு வந்தவர். படித்தது பத்தாவது. மகளின் பாடப்புத்தகம், போன், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அகப்படும் டீச்சர் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்.

தையலில் பழுது இருக்கும் இடத்தைக் காட்டுவதற்கு செக்கிங்கில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் சித்ராதேவி அதில் ஒன்றை உரித்துத் தன் அடையாள அட்டையில் ஒட்டிக்கொள்வார். பதில் கிடைத்த பிறகுதான் கிழிப்பார். ஈரத் துணி மட்டும் ஏன் கருத்துத் தெரிகிறது என்று நான்தான் ஒருமுறை வாயை விட்டேன். இரண்டு நாள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேஜைக்கு வந்தார். "நூலுக்கு நடுவுல தண்ணி பூந்துக்கிருதுண்ணே. வெளிச்சம் உள்ள போயிருது, திரும்பி வர்றது கொறச்சல். அதான்." எனக்குக் கேள்வியே மறந்து போயிருந்தது.

இந்தப் பிப்ரவரியில் விளையாட்டு பனியன் ஆர்டர் வந்தது. மொத்தமும் பாலியஸ்டர். காற்றில் சொட்டு ஈரம் இல்லை. துணியை இழுத்துவிட்டு இரும்பைத் தொட்டால் பட்டென்று ஒரு அடி. டெய்லர்கள் பயந்துபோய் மிஷினில் உட்காரவே யோசித்தார்கள். சித்ராதேவி ஒரு பீஸை எடுத்துத் தன் தலையில் பரபரவென்று தேய்த்துத் தூக்கினார். முடி அத்தனையும் எழுந்து நின்றது. "இம்புட்டுதான். துணி உரசி வர்ற கரண்டு. பட்டுனு ஒரு அடி, அத்தோட தீந்துச்சு. ஆளக் கொல்லாது. தரையில தண்ணி தெளிங்க, கொறஞ்சுரும்." எல்லோரும் சிரித்தோம், பயம் போய்விட்டது. சூப்பர்வைசர் பிரபாகருக்கு நிம்மதி. நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர் தெளிக்க ஹெல்பர் வெள்ளையனுக்கு உத்தரவு போட்டார். அடிக்கு 'சித்ரா கரண்டு' என்றே பேரும் வைத்துவிட்டார்கள்.

போன சனிக்கிழமை மதியம், ஓவர்லாக் டெய்லர் ராமாத்தாள் கூப்பிட்டார். உள்ளூர்க்காரர், ஐம்பத்தைந்து வயது. செருப்பைப் போட்டால் பெடல் பிடிபடாது என்று கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலில்தான் தைப்பார்.

"ஏங் கண்ணு, இன்னைக்கு உங்கரண்டு வேற மாதிரி அடிக்குது. கைய வெச்சா வெச்சபடிக்கு விறுவிறுன்னு எறும்பு ஊர்றாப்பல இருந்துட்டே இருக்குது."

"அதேதான்க்கா. இப்ப தண்ணி தெளிச்சா போயிரும்" என்றார் சித்ராதேவி, நடந்துகொண்டே. மேஜைக்கு வந்து ஒரு பீஸை விரித்தார். அடுத்ததை விரித்தார். மூன்றாவது பீஸில் கை நின்றுவிட்டது. "இருந்துட்டே இருக்குதுன்னா சொன்னாக?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது வெள்ளையன் வாளியோடு ராமாத்தாளின் வரிசைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

சித்ராதேவி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "தண்ணி ஊத்தாத! அக்கா, கைய எடுங்க!" என்று கத்திக்கொண்டே போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். அறுபது மிஷினும் நின்றன. பிரபாகர் வந்து எகிறினார். "சாயங்காலம் வண்டி வருதுங்க்கா. யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? ஒரு அடிதான், தீந்துதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"ஒரு அடின்னாதாங்க அது. இது நிக்காம வருது. உரசி வர்றது இப்படி வராது. இது லைன் கரண்டு." சொல்லிவிட்டுச் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார், எலக்ட்ரீஷியன் வரும்வரை நகரவில்லை.

வந்தவர் மோட்டாரைக் கழற்றிக் காட்டினார். ஒயர் உரிந்து மிஷினின் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. எர்த் கம்பியும் கழன்று கிடந்தது. "தரை காஞ்சு கெடந்ததால தப்பிச்சீங்க. ஈரத்துல வெறுங்கால வெச்சுருந்தா கைய எடுத்திருக்கவே முடியாதுங்க" என்றார். வாளி இன்னும் அங்கேயே இருந்தது. அந்தப் பேரைச் சொல்லிச் சிரித்ததில் நானும் ஒருவன்.

ராமாத்தாள் சித்ராதேவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எஞ்சாமி, நீதான் காப்பாத்துனே" என்றார். பிரபாகரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு நன்றி சொன்னார். எதுவும் சித்ராதேவியின் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. நேராக மேஜைக்கு வந்தார். ஒரு அம்பை உரித்து அட்டையில், தன் பேருக்கு நேராக ஒட்டிக்கொண்டார். எந்தக் கேள்விக்கு என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்த அம்பு அப்படியே இருந்தது. மிஷினைச் சரிசெய்து எர்த்தும் மாட்டியிருந்தார்கள். ராமாத்தாள் பெடலில் காலை வைத்துக்கொண்டு, பழையபடி கூப்பிட்டார். "ஏங் கண்ணு, இந்தப் பல்லி செவுத்துல கீழ உழாம எப்புடி ஒட்டிட்டிருக்குது?"

அது சித்ராதேவிக்கு அத்துப்படி. என்னிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். வேகமாகப் போனார். குனிந்தார். ஓரமாகக் கிடந்த ராமாத்தாளின் செருப்பு இரண்டையும் கையில் எடுத்தார்.

"ஐயோ, எஞ் செருப்பப் போயி கையில எடுக்கறயே!" என்று ராமாத்தாள் பதறினார்.

சித்ராதேவி அதைப் பெடலுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு காலும் உள்ளே நுழையும்வரை தரையில் உட்கார்ந்தே இருந்தார்.